நாடி பார்க்கும் காடு

மருந்தினால் இனிப் பயனில்லை என்றும், நாள்தோறும் காட்டில் உலாவினால்தான் நெஞ்சின் படபடப்பு அடங்கும் என்றும் அருணகிரியிடம் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அருணகிரி தம் மனைவி மரகதத்துடன் பேருந்தேறி, சோளக்கொல்லைகளைக் கடந்து, நொச்சிக்காட்டு வாயிலை அடைந்தார். அந்தத் தானியங்கி வாயில் அவர் மணிக்கட்டில் ஒரு காப்பை மாட்டி, நாடி பார்த்தது.

“மன்னிக்கவும். தங்களுக்குப் படபடப்பு மிகுதி. மான்கள் மிரளும். அமைதியடைந்தபின் வருக.”

மனிதர் மிரண்டால் கேட்பாரில்லை. மான் மிரண்டால் நாடு தாங்குமா?

“அந்த அமைதியைத் தேடித்தானே வந்தேன்?” என்று அருணகிரி சீறினார். நாடி இப்போது முன்னிலும் மோசம் என்று வாயில் பணிவுடன் அறிவித்தது.

“கதவுகூடப் போய் மல்லுக்கு நிக்கிறீங்களே. பேசாம அந்த வேம்படியில படுங்க,” என்றாள் மரகதம்.

படுத்தார். கொல்லைக் காற்று வருட, கண்ணயர்ந்தார்.

“வாழ்த்துகள், அருணகிரி அவர்களே. தாங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள்,” என்று வாயில் ஊரதிர முழங்கியது. அவர் அலறிப் புடைத்து எழுந்தார். திறந்த கதவு, காப்பின் துடிப்பறிந்து, மீண்டும் சாத்திக்கொண்டது.

வாயிலருகே நின்ற காவலாளி அவரைத் தேற்றினார்.

“மனசை விட்டுடாதீங்க ஐயா. போன வாரம் ஒருத்தரை முதல் தடவையிலேயே உள்ள விட்டுச்சு.”

“அப்படி என்ன செய்தார்?”

“ஒண்ணும் செய்யல. எங்க ஊர்ச் சுடுகாடு உள்ளதான் இருக்கு. தூக்கிட்டு வந்த நாலு பேரைத்தான் விடல, அழுதாங்களாம்.”