கழன்ற செயின்

“அண்ணா, கைய எடுங்க. அந்த ஸ்க்ரூவத் திருப்பினா கியர் மொத்தமா பேஜாராயிடும்.”

மோகன்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் பெண்கள் சைக்கிள் பந்தயம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. மகள் பூமிகா நம்பர் வாங்க வரிசையில் நின்றாள். அவளுடைய கியர் சைக்கிளோ அப்பாவின் கையில் மக்கர் செய்துகொண்டிருந்தது.

எதிரே முழுக்கைச் சட்டை போட்ட ஓர் இளம்பெண், கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றாள்.

“மெக்கானிக்காம்மா? நல்ல நேரத்துல வந்த. பெரிய பல்லுக்கு மாத்தினா செயின் தாண்டிப்போயி கம்பிக்குள்ள வுழுது.”

“சீட்டப் புடிச்சுத் தூக்குங்க.”

அவர் பின்சக்கரத்தைத் தூக்க, அவள் மண்டியிட்டுப் பெடலைச் சுற்றிக் கியர்களை மாற்றிப் பார்த்தாள். பெரிய பல்சக்கரம் வந்ததும் செயின் துள்ளி உள்பக்கம் விழுந்தது.

“செயினத் தள்ளுது பாருங்க, இந்த டீரெயிலரு, இது எல்லை தாண்டாம தடுக்கிற ஸ்க்ரூ லூசாகீது. கேபிளும் தொங்கிப்போச்சு.”

“போன வருசமும் இதே கதிதாம்மா. கடைசி ரவுண்டுல எம்பொண்ணுதான் முன்னாடி. செயின் கழண்டுச்சு, பின்னாடி வந்தவ கப்பத் தூக்கினு பூட்டா. எனக்கு அன்னிக்கு ஷிப்டு, பாக்கக்கூட வரல. அவ பேரு அருணாவாம். ஓசி கப்பு! ஊரே பேசிக்கினு கீது.”

ஸ்க்ரூடிரைவர் வழுக்கி அவள் விரலைக் கீறியது. ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள்.

“அந்தப் பொண்ணும் மிதிச்சுதானண்ணா வந்துச்சு?”

“மிதிச்சா? செயின் கழலலன்னா அவள எவன் சீண்டியிருப்பான்?”

அவள் ஸ்க்ரூவை இறுக்கி, தொங்கிய கேபிளை இழுத்துக் கட்டினாள். எல்லோரும் பந்தயக் கோட்டுக்கு வரும்படி மைக்கில் கூப்பிட்டார்கள்.

“போதும்மா, லேட்டாவுது.”

“போதாதுண்ணா. கையால சுத்தினா நல்லாத்தான் இருக்கும். ஏறி மிதிச்சாதான் கோளாறு பல்ல இளிக்கும்.”

சொன்னவள் சட்டென்று ஏறினாள். இரும்பு ஆலையின் கேட் வரைக்கும் குனிந்தபடி சீறிக்கொண்டு போய், கியரை ஏற்றி இறக்கி, வந்த வேகத்தில் திரும்பினாள். செயினில் சின்னச் சத்தம்கூட இல்லை. அவளுக்கு மூச்சும் வாங்கவில்லை.

வண்டியை வாங்கிக்கொண்ட மோகன்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. “எம்பொண்ணு ஒரு வருசமா சரியா சாப்பிடலம்மா. நீ நல்லா இருக்கணும். இன்னிக்கு அந்த அருணா மூஞ்சில கரிதான்! உம்பேரு இன்னாம்மா?”

பந்தயக் கோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியவள் திரும்பினாள்.

“அருணா. இன்னிக்கு செயின் கழலாது, முடிஞ்சா உங்க பொண்ண என்னை முந்தச் சொல்லுங்க!”