மூன்றாம் தொட்டி

“டீச்சரே, ஃபார்மலின்ல ஒரு ஜீவன் பிழைக்குமா?”

உடற்கூறு கூடத்தின் மூன்றாம் தொட்டியில் படிந்திருந்த வழவழப்பைக் குப்பியில் சேகரித்துக்கொண்டிருந்த சோனா நிமிர்ந்தாள். கேட்டவர் கூடத்து உதவியாளர் வேதமாணிக்கம். தொட்டியில் யாரும் தேடி வராத ஒரு பெண்ணின் சடலம் கிடந்தது, மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக. அது கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின் மருந்து ஏனோ வீரியம் குறைந்துகொண்டே வந்தது. காரணம் கண்டுபிடிக்க, கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் சோனாவை நெய்யாற்றின்கரையிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

“பிழைக்கும், அண்ணா. இந்தக் கிருமிக்கு ஃபார்மலின்தான் தீனியாக்கும். அதத் திங்க வைக்கிற ஜீன் சும்மா தூங்கிட்டுக் கெடக்கும். ஃபார்மலின் வந்தா முழிச்சுக்கிடும்.”

“பெறவு தூங்க வைக்க முடியாதா?”

“முடியும். அதவிட லேசான தீனி கெடச்சா அந்த ஜீன் அடங்கிரும். புது மருந்து வாற வரைக்கும் தினமும் கொஞ்சம் சீனி போடுங்க, போதும்.”

“போடல்லேன்னா?”

“ஒடம்பு அழுகிரும். படிக்க ஆகாது. பெறவு உங்க தலையிலதான் வந்து விடியும், கொண்டு போய் அடக்கம் செய்யணும்.”

“நெசமாட்டா?” வேதமாணிக்கம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

சோனாவுக்குப் பாவமாக இருந்தது. சடலம் கெட்டால் வேலை போய்விடும் என்று கல்லூரி முதல்வர் அவரை மிரட்டியதை அவள் காதாலேயே கேட்டிருந்தாள். பாறசாலையில் இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிற மனிதர்.

“பயப்படாதீங்க. சீனிய மட்டும் மறந்துராதீங்க.”

அடுத்த வாரம் அவள் வந்தபோது தொட்டி காலியாக இருந்தது. பின்வாசலில் நின்ற ஜீப்பில், வெள்ளைத் துணி சுற்றிய சடலம். “நாளையிலேர்ந்து வர வேண்டாம்!” என்று வேதமாணிக்கத்தைப் பார்த்துக் கத்திவிட்டு முதல்வர் உள்ளே போனார்.

சோனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அண்ணா! மறந்துட்டீங்களா?”

“மறக்கல்ல, டீச்சரே. வேணும்னுதான் போடல்ல.”

“வேணும்னா? வேலை போச்சே!”

“போவட்டும். ஒடம்பக் கேட்டு வாங்கணும்னா காகிதம் காட்டணும், எனக்க கையில ஒண்ணும் இல்ல.” அவர் ஜீப்பில் ஏறி, விலகியிருந்த துணியைச் சரிசெய்தார். “புத்தி பேதலிச்சு வீட்ட விட்டுப் போன எங்க அக்காவாக்கும் இது. அம்மைக்க கல்லறைக்குப் பக்கத்துல குழி வெட்டியாச்சு.”