முதல் வருடப் பெட்டி

"அம்மா! அதைத் தீயில போடாதே! அது என்னோட பெட்டி!"

மெரின் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். கோழிக்கூண்டுக்குப் பின்னால், பழைய தகர டிரம்மில் ஆப்பிள் மரக் கட்டைகள் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தன. அதன் முன்னால் அவள் அம்மா நரெல், ஓர் அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பூசணம் பிடிச்ச குப்பைடீ. ஷெட்டு ஒழுகி எல்லாம் நாசமாப் போச்சு."

"பொய் சொல்லாதேம்மா. ஒட்டின டேப்புகூடப் பிரியல. குடு இப்படி."

"உள்ளே போ மெரின். இந்தக் குளிர்ல ஸ்வெட்டர்கூட இல்லாம வந்து நிக்கிறே."

மெரினுக்குப் பதினேழு முடிந்திருந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். பக்கத்து வீட்டுக்குப் போகவே அரைமணி நேரம் நடக்க வேண்டிய அந்த ஆற்றங்கரைத் தகரக்கூரை வீட்டில், எழுத்திலிருந்து இயற்கணிதம் வரை எல்லாவற்றையும் அவளுக்கு அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். பின்னங்களைக் கற்றுக்கொடுத்தது முட்டை அட்டையை வைத்து. உடற்கூறு கற்றுக்கொடுத்தது, செத்துப்போன கோழியை அறுத்து. வீட்டில் இருவர்தான். சண்டை போடவும் சமாதானம் ஆகவும் வேறு ஆள் கிடையாது.

நர்ஸ் படிப்புக்கு, தீவின் தலைநகரான ஹோபார்ட்டில் உள்ள கல்லூரியிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையிலிருந்து மெரின் கூடம் முழுக்கப் பெட்டிகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். வருடத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கட்டுரை இரண்டு, கணக்கு இரண்டு, படித்த புத்தகங்களின் பட்டியல், செய்துபார்த்த சோதனைகளின் புகைப்படம். பொறுக்கியெடுத்து, தேதி போட்டு, உறைகளில் செருகி வைத்திருந்தாள். மற்ற எல்லா வருடமும் இருந்தது. முதல் வருடத்தை மட்டும் காணவில்லை. ஷெட்டில் தேடிவிட்டுத் திரும்பியபோதுதான் ஜன்னல் வழியாகப் புகை தெரிந்தது.

"அந்தக் காலேஜ் மேடம் போன்ல என்ன சொன்னாங்க? 'மார்க் ஷீட் இல்லாட்டியும் பரவாயில்ல. முதல் நாள்லேருந்து நீ செஞ்சதை வரிசையா கொண்டுவா, எப்படி வளர்ந்திருக்கேன்னு பாக்கணும்'னாங்க. முதல் வருஷமே இல்லாம நான் எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

"நாலு வயசுக் கிறுக்கலைப் பாத்தா ஊசி போடச் சொல்லப் போறாங்க? கடைசி மூணு வருஷம் போதும்."

"விழுந்த பல்லுக்குக்கூடத் தேதி எழுதி ஒட்டி வச்சவ நீ! நான் கிழிச்ச காகிதத்தைக்கூட ஒட்டுப்போட்டு எடுத்து வச்சவ. இதை மட்டும் ஏன் எரிக்கணும்?"

நரெல் தீயையே பார்த்தாள். மெரினுக்கு அப்போதுதான் புரிந்தது போலிருந்தது. அவள் குரல் இறங்கியது.

"நான் போறது உனக்குப் பிடிக்கல. அதானே?"

"போயிட்டா நீ திரும்பி வரமாட்டே."

"ஒரு மணி நேரம் பஸ்ல உக்காந்தா ஹோபார்ட்! ஞாயித்துக்கிழமை தவறாம வந்து உன் ஃபிரிட்ஜைக் காலி பண்ணிட்டுத்தான் போவேன். இதுக்குப் போய் பெட்டியை எரிப்பாங்களா?"

"அங்கே ஆயிரம் பேரு இருப்பாங்க. ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டுமே. எங்கம்மா மாதிரி டீச்சர் இந்தத் தீவுலயே கிடையாதுன்னு சொல்றேன். நீ என்னை எப்படி வளர்த்தேன்னு அவங்களும் பாக்கட்டும்."

நரெலின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "இந்தப் பெட்டிக்காக நான் எத்தனை தடவை தீக்குச்சி கிழிச்சிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் கை வரல. நீ முதன்முதலா எனக்காக எழுதினது..."

"அப்புறம் என்னம்மா? இன்னிக்கும் கை வரவேண்டாம். விடு."

மெரின் பெட்டியைப் பிடித்தாள். நரெல் விடவில்லை. ஒருத்தி இழுக்க, ஒருத்தி இறுக்க, நைந்துபோன அட்டையின் அடிப்பக்கம் பிளந்தது. தாள்கள் ஈரப்புல்லில் கொட்டின.

"ஐயோ, நனையுது!" என்று மெரின் குனிந்தாள். நரெல் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தாள்களை வாரினாள். அவளும் காப்பாற்றத்தான் வாருகிறாள் என்றே மெரின் நினைத்தாள், வாரியதை அப்படியே அம்மா தீயில் வீசும்வரை.

"அம்மா! உனக்குப் பைத்தியமா?"

"பாக்காதே! எதையும் பாக்காதே மெரின், உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்!"

அந்தக் குரலை மெரின் இதுவரை கேட்டதில்லை. தன் ஷூவுக்கடியில் சிக்கியிருந்த ஒற்றைத் தாளை மெல்ல உருவி எடுத்தாள்.

கோடு போட்ட தாள். அம்மாவின் முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு கேள்விகள். கோடிட்ட இடங்களை நாலு வயதுக் கை ஒன்று பென்சிலை அழுத்தி அழுத்தி நிரப்பியிருந்தது.

'என் பெயர்: ஹேசல். என் அம்மாவின் பெயர்: லூசி.'

இரண்டையும் குறுக்கே அடித்து, ஓரத்தில் சிவப்பு மையில் நரெல் எழுதியிருந்தாள்: 'இரண்டும் தப்பு. மெரின், நரெல் என்று நூறு முறை எழுது. எழுதி முடித்தால்தான் சாப்பாடு.'