கடைசி வரிசைச் சிரிப்பு

அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை போடச் சொன்னான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது டிவி தொடரில் அவன் போடும் வேஷம். நானூறு எபிசோடு ஓடியதில் சொந்தப் பெயர் எந்தப் பக்கம் போனதென்று அவனுக்கே தெரியாது.

ஒரு வசனம் சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி பேசிக்கொடுக்க வந்திருந்தான். கிளம்பும்போது சவுண்ட் எஞ்சினீயர் அடுத்த வேலையை ஆரம்பித்தார். ஜோக் வரும் இடமாகப் பார்த்துச் சிரிப்பை ஒட்டுகிற வேலை. கூட்டச் சிரிப்பு, குழந்தைச் சிரிப்பு, கிழவர் சிரிப்பு என்று கம்ப்யூட்டரில் வகைவகையாக வைத்திருந்தார்.

இது ஒரு பெண் தனியாகச் சிரிப்பது. முதலில் ஒரு மூச்சு. பிறகு மூன்று படி ஏறி, கடைசியில் 'ஐயோ' என்று முடியும்.

அவன் மனைவியின் சிரிப்பு.

அவனை ஆளாக்கியதே அதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஹோட்டல் மாடியில், முதன்முதலாக மைக்கைப் பிடித்து ஜோக் சொல்ல நின்றான். நாலு ஜோக் சொல்லியும் ஒருவர் பல்லும் தெரியவில்லை. இறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்தபோது கடைசி வரிசையிலிருந்து அது கிளம்பியது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும் சிரித்தது.

அதற்கடுத்த எட்டு நிகழ்ச்சிக்கும் வந்தாள். ஒன்பதாவது முடிந்ததும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் தூக்கிப் போட்டான். மேடை டிவியில் கொண்டுபோய் விட்டது. ஊர் சிரிக்காவிட்டால் போகட்டும், எனக்குச் சிரிக்க வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு பேட்டி விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இன்று காலையில்கூட அவன் சொன்ன ஜோக்குக்கு இதே மாதிரி சிரித்தாள்.

யார் சிரிப்பு இது என்று எஞ்சினீயரிடம் கேட்டான்.

"இதுவா? உங்க மேனேஜரோட ஆளு சார். புதுசா யாராவது மேடை ஏறினா, கூட்டத்தோட கூட்டமா இந்தம்மாவ உட்கார வச்சிடுவாரு. ஜோக் எடுபடலைன்னா இவங்க ஆரம்பிச்சு வைக்கணும், அதான் வேலை. இங்கயும் ஒருநாள் வந்து சிரிச்சுக் கொடுத்தாங்க. அப்புறம் யாரையோ கட்டிக்கிட்டாங்கன்னு கேள்வி."

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவரே மேனேஜர்தான். அந்த ஆளையாவது விடலாம், அவருக்கு அது பிழைப்பு. இவள்? பக்கத்தில் படுத்துக்கொண்டு, பன்னிரண்டு வருடம், ஒரு வார்த்தை சொன்னாளா?

வராண்டாவுக்கு வந்தான். நின்று யோசித்தான். மேடையில் சிரித்தது வேலை, சரி. கல்யாணத்துக்குப் பிறகு? வீட்டில் வந்து சிரிக்கச் சொல்லி எந்த மேனேஜரும் அனுப்பவில்லையே. அது நிஜமாக இருந்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். அதை மட்டும் கேட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போன் போட்டான்.

எடுத்ததும் யாரோ சிரிக்கிற சத்தம். மூச்சு முட்டி, மூக்கால் உறுமி, இருமலில் போய் நின்று, மறுபடி பிடித்துக்கொண்டது. படியும் இல்லை, 'ஐயோ'வும் இல்லை. யார் இப்படிக் கர்ணகடூரமாகச் சிரிக்கிறார்கள், நம்பர் மாறிவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தான். மாறவில்லை.

"சொல்லுங்க... இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன். தங்கச்சி வந்திருக்கா, ஏதோ சொல்லிட்டா, என்னால முடியல" என்றாள் அவன் மனைவி.