எறும்புச் சாட்சி

நான் சொல்வது அத்தனையும் சத்தியம். பொய்யென்றால் என் பல்செட் கழன்று விழட்டும்.

சர்க்கரைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சாப்பாட்டுச் சீட்டை நாற்பது நாளாக மீறவில்லை. காலையில் இரண்டு கேப்பை தோசை, மதியம் ஒரு கிண்ணம் சோறு, தட்டு நிறைய அவரைக்காய். இனிப்பை மோந்துகூடப் பார்க்கவில்லை.

மனைவி ராக்கம்மாள் நம்பவில்லை. “நெசம்னா பேரையூர் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். பொய்யின்னா வீட்லயே கெடங்க.”

“எறும்பைக் கேளு. இந்த வீட்ல இனி இனிப்பு கெடைக்காதுன்னு அம்புட்டும் காலி பண்ணிப் போயிருச்சு.”

அடுக்களை முழுக்கத் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

“ஆத்தாடி, ஆமாங்க! பந்தியில ஒரு ஜிலேபி தின்னுக்கங்க. இருங்க, சட்டையை எடுத்தாரேன்.”

“வேணாம், பனியனோடவே வாரேன்,” என்றேன்.

கொடியில் தொங்கிய அந்தச் சட்டைப்பையில் கால் கிலோ அல்வா இருந்தது. எறும்புகள் அங்கேதான் குடிபோயிருந்தன.