யாரும் தள்ளாத அலை

கண்ணாடிக் கலத்துக்குள் அலை ஒன்று கிளம்பியது.

அவள் இன்னும் சுவிட்சைத் தொடவே இல்லை.

கலத்திலிருந்த காற்றைப் பம்பு உறிஞ்சி எடுத்திருந்தது. பிறகு உள்ளே விட்ட துளி ஆர்கான் வாயு, மின்சாரம் பாய்ந்து ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது. அதன் நடுவே மாவை விட மெல்லிய தூசி. மின்னேற்றம் பெற்றதால் கீழே விழாமல் மேகம்போல் மிதந்தது. லேசர் பட்ட இடமெல்லாம் பச்சைப் புள்ளிகள்.

அந்த மேகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே ஒரு மேடு நகர்ந்து போனது. பரந்துவிடவில்லை, அமுங்கிவிடவில்லை. புறப்பட்ட உருவத்திலேயே போய்ச் சேர்ந்தது.

தனியலை. அவள் ஆயுளில் பாதி இதன் பின்னால்தான் போயிருக்கிறது.

குளத்தில் கல் விழுந்தால் எழும் அலை போகப் போக அகன்று மடிந்துவிடும். இது அப்படி மடியாது. ஆனால் இதுவும் சும்மா பிறந்துவிடாது. மேகத்துக்குள் நீட்டியிருக்கும் கம்பியில் கண் இமைக்கும் நேரம் மின்னழுத்தத்தை மாற்றி, யாராவது சுவிட்சைத் தட்டித் தூசியைத் தள்ளிவிட வேண்டும்.

யார் தள்ளியது?

அழுத்தமானியைப் பார்த்தாள். முள் அசையவில்லை. பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வழக்கமான உறுமல்தான். காலால் மேசையை இடித்துவிட்டோமோ என்று குனிந்து பார்த்தாள். கால்கள் நாற்காலிக் கம்பியின் மேல் இருந்தன.

மறுபடி ஓர் அலை.

இது நிஜம் என்றால் இத்தனை காலம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது தப்பு. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

"என்னங்க, சீக்கிரம் வாங்க! நான் தொடவே இல்ல, அதுவா வருது!"

பக்கத்து அறையில் கணினி முன்னால் இருந்த கணவர் எழுந்து வந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஆய்வகத்திலும் அவளுக்குத் துணை அவர்தான். கலத்தைப் பார்த்தார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார்.

"நான்தாம்மா அந்த ரூம்லேருந்து தட்டிப் பார்த்தேன். சொல்ல மறந்துட்டேன்."

அவள் குரல் உயர்ந்தது. "சொல்லிட்டுச் செய்யக் கூடாதா? எனக்குத்தான் மறை கழண்டு போச்சோன்னு பயந்துட்டேன்!"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவள் கலத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அந்த அறையில் அலையைக் கிளப்பும் சுவிட்ச் எதுவும் இல்லை. இருந்ததும் இல்லை. ஆய்வகத்துக்கு ஒயர் இழுத்தது அவர்கள் இருவரும்தான்.

மேசைக்கு மேலிருந்த கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். அவள் கண்கள் தூசி மேகத்தின் மேல். வலது கை தன்பாட்டுக்கு நீண்டு சுவிட்சைத் தட்டுகிறது. மடிக்குத் திரும்புகிறது. அலை எழுகிறது. அவள் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்க்கிறாள்.

இப்படி வந்த பதிவுகளையெல்லாம் அவர் அழித்துக்கொண்டே வந்தார். டாக்டராக இருக்கும் மகள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "அம்மாவுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்று பூசி மெழுகினார்.

இன்று அழிக்க மனம் வரவில்லை. மகளுக்கு அனுப்பினார். அனுப்பியது சரியா தப்பா என்று புரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் உடனே வந்தது.

"இதே மாதிரி வீடியோ ஒண்ணு அம்மாவே போன மாசம் எனக்கு அனுப்பிட்டாங்கப்பா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, தாங்க மாட்டார்னாங்க."