நாலு மணி சாம்ராஜ்யம்

“டார்ச்சை ஆட்டாதீங்க மாமா. கை நடுங்கினா எல்லாம் போச்சு.”

மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு, டார்ச்சை இரண்டு கையாலும் இறுக்கினார். மருமகன் குப்புறப் படுத்து, தலையை அலமாரிக்கு அடியில் நுழைத்திருந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“பச்சை அணைஞ்சுதா?”

“அணைஞ்சுது மாப்பிள்ளை.”

“சிவப்பு?”

“அதுவும்.”

“நல்லது. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க.”

வெடிகுண்டு ஒன்றும் இல்லை. வீட்டு இன்டர்நெட் ரூட்டர்தான். காலையிலிருந்து பதினோராவது தடவையாக மருமகன் அதை அணைத்துப் போடுகிறார்.

ஆபீசில் அவர் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். அதாவது, பதினேழு வருடமாகக் கம்ப்யூட்டர் வாங்கும் தாள்களில் கையெழுத்துப் போடுகிறவர். கோட்டை கட்டிக் குடிகளை ஆளும் ஒரு விளையாட்டில் அவருக்குப் பேரரசர் என்று பெயர். அதை மச்சினன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் நடத்தும் சர்வரில் ஓர் ஓரமாக ஆடிவந்தவருக்கு, அடுத்தவன் வீட்டில் அரியணை எதற்கு என்று தோன்றிவிட்டது. ஞாயிறு நாலு மணிக்குத் தன் வீட்டிலேயே சர்வர் திறப்பு விழா என்று ஆபீஸ் குழுவிலும் குடும்பக் குழுவிலும் முரசறைந்துவிட்டார்.

“உங்களுக்கு எதுக்கு அத்தான் சிரமம், நான் செஞ்சு தரேன்” என்று மச்சினன் எழுதினான். பேரரசருக்குச் சுருக்கென்றது. “நாலு மணிக்கு ஓடலேன்னா, இனிமே கம்ப்யூட்டரைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்” என்று சபதம் போட்டார். அது தோற்க வேண்டுமென்று இரண்டு குழுவிலும் பலர் வேண்டிக்கொண்டதாகக் கேள்வி.

வேலை என்னவோ சின்னதுதான். வெளியிலிருந்து வருகிறவர்களை ரூட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும். அவர்களைத் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவைக்கும்படி அதனிடம் சொல்லிவைக்க வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் என்பார்கள். பேரரசர் பத்து முறை சொல்லிவிட்டார். அவருடைய ஆபீஸ் ஆட்களைப் போலவே அதுவும் ‘சரி’ என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, நாலு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. ஒன்பது வருஷம் கழிச்சு ஒரு எடத்துல கூப்பிட்டிருக்காங்க. பேசிட்டிருக்கும்போது நெட் போச்சுன்னா அவ்வளவுதான்.”

“ரெண்டே நிமிஷம்.”

“காலைல ஒன்பது மணிக்கும் இதையேதான் சொன்னீங்க.”

கல்லூரியில் படிக்கும் மகள் கதவில் சாய்ந்து நின்றாள். “அப்பா, நெட் கம்பெனிக்காரங்க அவங்க பக்கமே அடைச்சு வெச்சிருப்பாங்க. நீங்க இங்க என்ன மாத்தினாலும் வெளியாளுங்க வர முடியாது. போன் பண்ணிக் கேளுங்க.”

“கேக்கறதா? நானா?”

“அப்ப விடுங்க. வீட்டுக்குள்ள இருக்கிறவங்க ஆடறதுன்னா இது எதுவுமே வேணாம்.”

“வீட்டுக்குள்ள இருக்கிறவங்களை வெச்சு ஆள்றதுக்குப் பேர் சாம்ராஜ்யமா? உலகம் வரணும்.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று ஐம்பத்தைந்து. பேரரசர் அரியணையில் தனியாக ஈயோட்டிக்கொண்டிருந்தார். ‘சார், உள்ள வர முடியலையே’ என்று ஆபீஸ் குழுவில் ஏழு பேர் ஒப்பாரி வைத்திருந்தார்கள். மச்சினன் சிரிப்புப் பொம்மை ஒன்றை மட்டும் போட்டிருந்தான்.

“மாமா, டார்ச்.”

டார்ச் மேசைமேல் கிடந்தது. அவரே எடுத்துக்கொண்டு குனிந்தார். பன்னிரண்டாவது முறையாகக் கை ரூட்டரின் பின்பக்கம் போனது.

டிங்.

‘வால்நட்சத்திரம் கோட்டைக்குள் நுழைந்தார்.’

டிங்.

‘அப்பாவி62 கோட்டைக்குள் நுழைந்தார்.’

கை தானாகக் கீழே இறங்கியது. பேரரசர் வீடு அதிரக் கத்தினார். “வந்துட்டாங்க. இனிமே ரூட்டர்ல எவன் கை வெச்சாலும் ஒடிச்சிடுவேன்.”

உள்ளறையில் மனைவி கதவைச் சாத்தித் தாழிடும் சத்தம் கேட்டது.

வால்நட்சத்திரம் முறையாக வணங்கியது. அப்பாவி62 சுவரில் முட்டியது, அகழியில் விழுந்தது, எழுந்து வந்து அரியணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கொள்முதல் பிரிவு ஆளாகத்தான் இருக்கும், அங்கேதான் இத்தனை தத்திகள். ‘சபையில் முதுகு காட்டியதற்காகப் பாதாளச் சிறை’ என்று தட்டினார் பேரரசர். அந்த ஜீவன் இரண்டு முறை வழி தவறி, கடைசியில் தானாகவே போய்ச் சிறைக்குள் நின்றுகொண்டது.

பிறகு அவர் பதவியேற்பு உரையைத் தட்டத் தொடங்கினார். நடுவில் வாசல் மணி அடித்தது, யாரோ போய்த் திறந்தார்கள். குடிகள் இருவரும் அப்போது ஆடாமல் அசையாமல் சிலையாக நின்றார்கள். தம் எழுத்தின் வலிமையை எண்ணி அவருக்கே புல்லரித்தது. அப்படியே அதைப் படம் பிடித்து மச்சினனுக்கு அனுப்பினார். ‘ஆரம்பமே ரெண்டு பேர். யார் உதவியும் இல்லாம.’

ஐந்து மணிக்கு உள்ளறைக் கதவு திறந்தது. மனைவியின் முகமெல்லாம் பல். “ஒண்ணாம் தேதி சேரச் சொல்லிட்டாங்க.”

“நடுவுல ஒரு தடவையாவது நெட் போச்சா?” என்றார் பேரரசர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “யார் செட் பண்ணது? அதைச் சொல்லு முதல்ல.”

பின்னால் யாரோ கனைத்தார்கள். திரும்பினால் மாமனார். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பேத்தியின் பழைய டேப்லெட்.

“அவளுக்குத்தான் வேலை கெடைச்சாச்சே மாப்பிள்ளை, என்னைச் சிறையிலேர்ந்து விட்டுடுங்க.”